கிரிவலம் முடிந்து பத்து நாள் கழித்து

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் வெறுங்காலில் 14 கிலோமீட்டர் நடந்தவருக்குக் கெண்டைக்கால் வலிப்பதில் வியப்பில்லை. இரண்டு நாள் தைலம் தேய்த்தால் போய்விடும். வலி போய், வேலைக்கும் திரும்பி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து அதே கெண்டைக்கால் மறுபடி பிடித்துக்கொண்டு, கூடவே குளிர்காய்ச்சலும் கண் சிவப்பும் வந்தால் அது நடந்த வலி அல்ல. எலிக்காய்ச்சலா என்று பார்த்தாக வேண்டும். அதற்குள் அவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். அங்குள்ள மருத்துவருக்கு, கிரிவலம் போனீர்களா என்று கேட்கத் தோன்றாது.

திருவண்ணாமலையில் எலித் தொல்லை என்றால் அரிசி மூட்டையும் கடித்த ஒயருமே பேச்சாகிறது. எலி கடிப்பதைவிட அது விட்டுச்செல்வதுதான் ஆபத்து என்பது இன்னும் உறைக்கவில்லை. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. மாதக்கணக்கில் சிறுநீரோடு கிருமியைக் கழித்தபடி திரியும். தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் கிடக்கும் கிருமி, பித்தவெடிப்பு வழியாகவோ உடைந்த கொப்புளம் வழியாகவோ நம் உடலுக்குள் போகிறது. தீபத் திருவிழா வருவதோ மழைக்காலத்தில். 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்த 12ஆம் நாள் மகா தீபம் ஏற்றப்பட்டது. அந்த ஈரத்தில்தான் லட்சக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கவலை உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ். நாய் மேல் தொங்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிற்றுயிரியின் இளம்பூச்சி, புல்லிலும் புதரிலும் காத்திருந்து எலியின் காதிலோ மனிதரின் இடுப்பிலோ ஏறிக்கொள்கிறது. கடித்தது தெரியாது. 10 நாள் வாக்கில் காய்ச்சல் வரும். பலருக்குக் கடித்த இடத்தில், பீடியால் சுட்டதுபோல், வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ், பாவாடை நாடா அழுத்தும் இடம் என்று மறைவாகவே இருக்கும். நோயாளி சொல்வதில்லை, அவசரத்தில் மருத்துவரும் தேடுவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலின் இதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை கேட்கும். ஆனால் முதல் சில நாட்களிலேயே கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பாதிக்கப்படும்.

இந்த நோயைப் பற்றி உலகம் கற்றதில் ஒரு பங்கு பக்கத்து ஊரான வேலூரில் கிடைத்தது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவில் 7 மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பதே மேல் என்று 2023இல் காட்டியது. சி.எம்.சி.யும் லண்டன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2025இல் வெளியிட்ட முடிவு இன்னும் அதிர்ச்சி தருவது: கிராமத்தில் இருப்பவர்களில் 10 சதவீதம் பேர்வரை ஓர் ஆண்டில் இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை என்பது மட்டும் ஆறுதல்.

சரி, எலியைக் கொன்றுவிட்டால் தீருமா? தீராது. உண்ணிக்காய்ச்சலைப் பரப்பும் அந்தப் பூச்சி தன் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கிருமியைக் கொடுத்துவிடுகிறது. எலி அதற்கு வண்டியும் சோறும் மட்டுமே. தவிரவும், வீடுகளில் பொறிவைத்துப் பார்த்த புதுச்சேரி நோய்க்கடத்தி ஆய்வு மையத்தாருக்கு அதிகம் கிடைத்தது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி. பிள்ளையாரின் வாகனம் என்று யாரும் அதை அடிப்பதுமில்லை. அடிக்க வேண்டியதும் இல்லை. கொல்லைப்புறப் புதரை வெட்டினால் போதும்.

எலி மருந்து வைப்பதையும் நாம் எளிதாக எடுத்துக்கொள்கிறோம். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். விஷம் தின்ற எலியைப் பூனையும் ஆந்தையும் தின்கின்றன. மேலும் பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றாலே சந்தேகம், பல நாள் தொடாது. திருவிழாவுக்கு முந்தின வாரம் மட்டும் மருந்து வைப்பது கணக்குக் காட்டத்தான் உதவும். சுண்டெலி வேறு மாதிரி, எதையும் போய் முகர்ந்து பார்க்கும், பென்சில் நுழையும் ஓட்டையில் புகுந்துவிடும். அதற்குப் பொறியும் அடைத்த ஓட்டையும் போதும்.

வீட்டு நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். பிழைத்த பிறகும் அது சிறுநீரில் கிருமியைக் கழிக்கும். ஆண்டுதோறும் போடும் கூட்டு ஊசியில் இதற்கான மருந்தும் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பது நல்லது. தெருநாய்க்குச் சோறு வைப்பவர்கள், அது தின்ற மிச்சத்தையும் எலிக்கு விடாமல் எடுத்துவிட வேண்டும்.

2024இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, இலையும் தொன்னையும் அதே இரவில் அள்ளப்பட வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். எலி இரை தேடுவது இரவில். காலையில் வரும் குப்பை வண்டியால் பயனில்லை. பாதையோரம் மக்கள் உட்கார்ந்து இளைப்பாறும் இடங்களில் புல்லை வெட்டலாம். மலைக்காட்டைத் தொட வேண்டாம். பலர் பல ஆண்டு பாடுபட்டு வளர்த்தது அது.

இதெல்லாம் உள்ளூர் வேலை. வெளியூரிலும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் எந்த அரசு மருத்துவமனையில் காய்ச்சலுக்குப் பதிவு செய்தாலும், கடந்த 3 வாரத்தில் எங்கே போனீர்கள், எங்கே படுத்தீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தத் தகவல் திருவண்ணாமலை மாவட்டத்துக்குத் திரும்பி வந்தால்தான், பாதையின் எந்தப் பகுதிப் புதரில் பூச்சி இருக்கிறது என்று தேடத் தொடங்கவே முடியும்.