சோனி என்பது சுருக்கமா?

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் மடல் அனுப்பியிருக்கிறார். கிழக்கிலங்கை பற்றிய குறிப்பொன்றில் 'சோனி' என்பதை இழிசொல் என்று நான் எழுதியது அவருக்கு உவப்பாக இல்லை. "சோனகர் என்பதன் சுருக்கமே சோனி. இதில் இழிவு எங்கே வந்தது?" என்று கேட்கிறார். இதே வாதத்தைப் பத்திரிகை அலுவலகங்களில் எத்தனையோ முறை கேட்டுவிட்டதால், பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

சொற்பிறப்பைப் பொறுத்தவரை நண்பர் சொல்வது சரி. 'யவனர்' என்ற பழஞ்சொல்லின் திரிபே சோனகர் என்பர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சோனகன் சாவூர் என்றொரு பெயர் உண்டு. இகழ்ச்சியின் நிழல்கூட அதில் இல்லை. இலங்கைக் குடிசன மதிப்பீட்டில் இன்றும் 'இலங்கைச் சோனகர்' என்பதே இனப்பெயர். சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் வாதிட்டார். அதை மறுத்து 1907இல் நூல் வெளியிட்ட ஐ.எல்.எம். அப்துல் அஸீஸுக்கும் அந்தப் பெயரோடு பிணக்கில்லை.

ஆனால் கல்முனைக்குப் போய்ப் பாருங்கள். பாண்டிருப்புத் தமிழர் ஒருவர் மருதமுனைக் கைத்தறிச் சாரத்துக்கு விலை பேசுகிறார். "காக்கா, கொஞ்சம் குறைச்சுத் தாங்க" என்கிறார். வீடு திரும்பி வேலியோரம் நின்று அதே கடைக்காரரைச் 'சோனி' என்கிறார். வெறும் சுருக்கம்தான் என்றால் கடையிலேயே, முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே! இத்தனைக்கும் தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் பொது.

பிறப்பைக் காட்டிச் சொல்லுக்கு நற்சான்று வழங்க முடியாது. யூதரைக் குறிக்கும் 'ஷித்' என்ற சொல் போலந்து மொழியில் சாதாரண இனப்பெயர். ரஷ்ய மொழியில் அதே சொல் வசை. வேர் ஒன்றுதான். அவ்வளவு தூரம் போவானேன்? நமது 'தம்பி' சிங்களத்தில் 'தம்பியா' ஆகி முஸ்லிமை இகழ்கிறது. நமது மரக்கலம் 'மரக்கலயா' ஆயிற்று. 2014 ஜூனில் அளுத்கமை மேடையில் ஞானசார தேரர் அச்சொல்லைச் சொல்லி எச்சரித்த அன்றே கலவரம் மூண்டது. கடை எரிந்து நின்றவரிடம், அது கப்பலைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? 'தெமள' என்றால் சிங்களத்தில் தமிழ் என்பதே பொருள். 1983இல் 'பற தெமளா' என்ற கூச்சலைக் கேட்டு ஓடிய நமக்கு அகராதி உதவவில்லை.

முஸ்லிம்கள் நம்மைக் 'காபிர்' என்பதில்லையா என்று நண்பர் அடுத்ததாகக் கேட்பார். சிலர் சொல்கிறார்கள், என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அதைக் கண்டிக்க அங்கே எழுதக்கூடியவர்கள் இருக்கிறார்கள். நான் என் முற்றத்தைக் கூட்டுகிறேன்.

கூட்ட வேண்டிய குப்பையில் என் பங்கும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் தேதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி வந்தபோது பக்கத்து மேசைக்காரர், "சோனிகள்தானே" என்றார். கூடவே 'தொப்பி பிரட்டி' என்ற மற்றச் சொல்லும் வந்தது. நான் தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன், தலை நிமிரவில்லை. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது நம்மில் பலருக்கு அது பெரிய செய்தியாகவே படவில்லை. அந்த அலட்சியத்தில் இச்சொல்லுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்கோரிக்கை நியாயமானதென்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அதை ஆதரித்து இணையத்தில் எழுதிய நம்மவர் பலரின் எழுத்தில், செயலகம் ஒரு வரி. சோனி ஒன்பது வரி. நிர்வாக எல்லை பற்றிய வழக்கை வசையால் வெல்ல முடியாது. சாய்ந்தமருதில் அதை வாசிப்பவர் நமது நியாயத்தை ஏன் காது கொடுத்துக் கேட்க வேண்டும்?

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மடலில் சோனகர் என்று முழுமையாகவே தட்டச்சுச் செய்யுங்கள். இரண்டு எழுத்துத்தான் கூடும்.