வாயிலில் பறிக்கும் கட்டணம்

1918-இல் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் தனித்துறையாய் முகிழ்த்தது உயிர்ப்புள்ளியியல். அதில் முனைவராக விழைந்து அமெரிக்கப் பல்கலைக்கழக வாயில்களில் நிற்கிறான் அயல்நாட்டு இளைஞன். மெய்யெண் பகுப்பாய்வும் நேரியல் இயற்கணிதமும் கற்றுத் தேர்ந்தவன்; சான்றுமடல்கள் மூன்றும் ஈட்டியவன். வாயில்தோறும் கட்டணம்! இடம் மறுத்தாலும் மீளாக் கட்டணம்!

அந்நாட்டு அரசின் நலவாழ்வு நிறுவனங்கள் வழங்கும் பயிற்சி நல்கையோ, குடிமக்களுக்கும் நிலைவாழ்வுரிமை பெற்றோர்க்குமே உரியது. அதனை நம்பிய துறையில் அயலானுக்கு இடம் சுருங்கும். தன் வரிப்பொருளைத் தன் மக்களுக்கே ஈவதை நாம் பழியோம். அஃது எந்நாட்டார்க்கும் உள்ள உரிமை. சுருங்கிய அளவைச் சொல்லாமலே கட்டணம் பறிக்கும் துறைகளைத்தான் பழிக்கிறோம். நிகழ்தகவு கற்பிப்பார்க்குத் தம் வாயிலின் நிகழ்தகவை உரைக்க நா எழாதா? அயலார்க்கு எத்தனை இடம், எவர் பொருளில் என முகப்பில் எழுதுக. பிறகு கை நீட்டுக!