ஷூ டப்பா போதும்... தைக்கிற ஊசி வேணாம்! ஆம்பூர் வீடுகளில் குட்டீஸ் கைக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

'வீட்டிலேயே மாண்டிசோரி', '3 வயசுக் குழந்தைக்கு 10 ஆக்டிவிட்டி' மாதிரி வீடியோக்கள் உங்க ஃபீடிலும் வந்திருக்கும். மரத்தட்டு, கலர் கலரா மணிகள், பொறுமையா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா... பார்க்க அழகா இருக்கும். கீழேயே அந்த 'கிட்' வாங்க லிங்க்கும் இருக்கும்.

இதே காட்சியை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் வெச்சுப் பாருங்க. பல வீடுகளில் அம்மா காலையிலேயே ஷூ கம்பெனிக்குக் கிளம்பிடுவாங்க. இன்னும் சில வீடுகளுக்கு வேலையே வாசலுக்கு வரும். ஷூவின் மேல்பாகமான 'அப்பர்'களை ஏஜென்ட் கொண்டுவந்து கொடுப்பார். பெண்கள் அதை ஊசியால் கையில் தைத்துத் தருவார்கள். கூலி, ஜோடிக் கணக்கு. எத்தனை ஜோடி முடிக்கிறாங்களோ, அவ்வளவுதான் காசு.

அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 5 வயசுக் குழந்தைக்கு ஊசியும் நூலும் செம இன்ட்ரஸ்ட்டா இருக்கும். 'கை வேலை செய்தா மூளை வளரும்'னு எல்லாரும் சொல்றாங்களே... அப்போ அந்தக் குழந்தையும் ரெண்டு தையல் போட்டா அது ஆக்டிவிட்டியா, இல்லை கூலி வேலையா? தோல் தொழிலை நம்பியிருக்கும் ஊர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

மாண்டிசோரி யாருக்காக ஆரம்பிச்சது?

இன்னைக்கு மாண்டிசோரின்னா நிறைய ஃபீஸ் வாங்குற ஸ்கூல்தான் ஞாபகத்துக்கு வருது. ஆனா, மரியா மாண்டிசோரி தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை 1907-ல் திறந்தது, ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் பார்த்துக்க ஆளில்லாமல் இருந்த குழந்தைகளுக்காக உருவானது அது. அதாவது, ஆம்பூர் மாதிரி இடத்தில்தான் அது பிறந்தது.

அவர் கொடுத்த முதல் பயிற்சிகளுக்குப் பெரிய கிட் எதுவும் தேவையில்லை. தண்ணீர் ஊற்றுவது, பெருக்குவது, பட்டன் போடுவது, நாடா கட்டுவது. அன்றாட வீட்டு வேலைகள்தான். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த மாண்டிசோரி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில வருஷம் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார் என்பது எக்ஸ்ட்ரா தகவல்.

வேலூர் தந்த பாடம்

நம்ம ஊர்க் கதை இன்னும் சுவாரஸ்யமானது. இப்போ தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சு, ஆடிப் பாடிச் சொல்லிக் கொடுக்கிறாங்க இல்லையா? அதற்கு முன்னால் பல வருஷம் இருந்தது 'செயல்வழிக் கற்றல்'. அட்டைகள், மணிகள், பாய் போட்டுக் குழுவா உட்கார்ந்து படிப்பதுன்னு உங்களில் பலர் படிச்சதே அப்படித்தான் இருக்கும்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கியவர் ஐ.ஏ.எஸ் அதிகாரி எம்.பி.விஜயகுமார். ஆனா, அதோட விதை விழுந்தது 1990-களில், வேலூரில். அங்கே அவர் ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளைப் பள்ளியில் உட்கார வைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே இருக்கும் ரிஷிவேலியின் கற்பித்தல் முறை அதற்கு வழிகாட்டியது.

கூலிக்காக உழைத்த அதே கைகளைப் படிப்புக்குத் திருப்பிய முறை அது. இன்னைக்கு ஆக்டிவிட்டிங்கிற பேர்ல அந்தக் கைகள் திரும்பவும் கூலிப் பக்கம் போயிடக் கூடாது.

கோடு எங்கே இருக்கு?

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2016 திருத்தம், 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால், குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்தி வேலையில் அந்த 'உதவி' இருக்கக் கூடாது என்று 2017-ல் வந்த விதிகள் சொல்கின்றன. கூலிக்கு அப்பர் தைப்பது அப்படிப்பட்ட வேலைதான்.

சட்டத்தை மனப்பாடம் பண்ண வேணாம். மூணே கேள்வி கேளுங்க. குழந்தை நினைச்சப்போ நிறுத்திட்டு எழுந்து போக முடியுமா? தப்பாச் செய்தா யாருக்காவது காசு நஷ்டமா? முடிக்க வேண்டிய டைம் ஏதாவது இருக்கா? 'முடியும், இல்லை, இல்லை'ன்னு பதில் வந்தா அது விளையாட்டு. ஒரு பதில் மாறினாலும் அது வேலை.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல, எதைக் கொடுக்கக் கூடாதுன்னு பார்ப்போம். தோல் துண்டுகள் வேண்டாம். குரோம் போட்டுப் பதப்படுத்தியது, எதையும் வாயில் வைக்கும் வயசில் அது விளையாட்டுச் சாமான் இல்லை. ஒட்டும் பசை பக்கத்திலேயே விடாதீங்க. அதிலிருந்து வரும் கரைப்பான் ஆவி நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.

* ஷூ டப்பா: காலி டப்பா மூடியில் பெரியவங்க ஓட்டை போட்டுக் கொடுங்க. பழைய ஷூ லேஸைத் துவைச்சு, குழந்தையைக் கோக்க விடுங்க. மாண்டிசோரி நாடா கட்டப் பழக்கிய அதே பயிற்சி, செலவு பூஜ்யம். டப்பாவுக்குள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மறக்காமத் தூக்கிப் போட்டுடுங்க.
* ஜோடி சேர்த்தல்: துவைச்ச சாக்ஸ், வாசலில் இருக்கும் செருப்புகள். வலது-இடது, பெரிசு-சிறிசு, ரெண்டு ரெண்டா எண்ணுவது எல்லாம் இதிலேயே வந்துடும்.
* ஞாயிற்றுக்கிழமை பிரியாணி: சீரகச் சம்பா அரிசியை டம்ளரில் அளக்கச் சொல்லுங்க. ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணி? கணக்குப் பாடம் ஓவர். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம்.
* ரெண்டு பேர் விளையாட்டு: உருது, தமிழ், தெலுங்கு கலந்து பேசும் தெரு உங்களுடையதா? வெங்காயம்னா 'பியாஸ்', தண்ணின்னா 'பானி'ன்னு ஒவ்வொரு பொருளுக்கும் ரெண்டு பேர் சொல்லி விளையாடுங்க.
* பல்லாங்குழி: புளியங்கொட்டை இருந்தா போதும். மூணு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு மட்டும் கொட்டையைக் கொடுக்காதீங்க, தொண்டையில் மாட்டிக்கும்.

நிஜமான செலவு, நேரம்தான்

இதில் எதுக்குமே காசு தேவையில்லை. ஆனா, பக்கத்தில் ஒரு பெரியவர் வேணும். ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் அம்மாவுக்கு 20 நிமிஷ விளையாட்டுன்னா, அன்னைக்கு அந்த 20 நிமிஷத் தையலுக்கான காசு போச்சு. 'அம்மாக்கள் குழந்தையோட டைம் ஸ்பெண்ட் பண்ணுங்க'ன்னு அட்வைஸ் பண்றவங்க இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கம்பெனிக்குப் போகும் பெண்களுக்காவது சட்டத்தில் ஒரு வழி இருக்கு. 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 50 தொழிலாளர்களுக்கு மேல் இருக்கும் நிறுவனங்களுக்கு என்று அதை மாற்றியிருக்கிறது. ஆனால், வீட்டு வாசலில் தைப்பவருக்கு வீடுதான் தொழிற்சாலை. அவர் இந்த எண்ணிக்கைக்குள் வரவே மாட்டார். அவருக்கு இருப்பது அங்கன்வாடி மட்டும்தான். அது சாயங்காலம் வரை திறந்திருந்தால், நல்ல விளையாட்டுப் பொருள்களோடு இருந்தால், அவர் குழந்தைக்கு எந்த ரீல்ஸ் கிட்டும் தேவைப்படாது.

அந்த மாற்றம் வரும்வரை உங்களால் முடிஞ்சது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தைக்கிற அக்கா இருந்தா, ஃபோனைக் கொஞ்சம் கீழே வெச்சுட்டு, ஒரு ஷூ டப்பாவை எடுத்துட்டுப் போய் அந்தக் குழந்தையோட அரை மணி நேரம் உட்காருங்க. அக்கா நிம்மதியா நாலு ஜோடி தைப்பாங்க. குழந்தையோட கையில் ஊசிக்குப் பதிலா லேஸ் இருக்கும்.