குழந்தையின் எழுத்துக்கு வாசகர் யார்?

1855ஆம் ஆண்டு ‘ஞானோதயா’ என்னும் மராத்தி இதழில் மாங், மஹர் மக்களின் துயரத்தைப் பற்றிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர் முக்தா சால்வே. மாங் சமூகத்தில் பிறந்த 14 வயதுச் சிறுமி. ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாய் புலேயும் புனேயில் நடத்திய பள்ளியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் படித்தவர். வேதம் எங்களுக்கு உரியதல்ல என்றால் எங்களுக்குரிய மதம் எது என்று அவர் வினவினார். பேஷ்வா ஆட்சியில் தம் மக்கள் பட்ட கொடுமைகளை எடுத்துரைத்தார். தலைக்கு மேல் கூரையின்றிப் பிள்ளை பெறும் பெண்களின் வேதனையை எழுதினார். மூன்றாண்டுக் கல்வி ஒரு குழந்தையின் கையில் எத்தகைய ஆற்றலைக் கொடுக்க முடியும் என்பதற்கு அக்கட்டுரை சான்று.

இன்று நம் நாட்டின் தொடக்கப் பள்ளியில் ஐந்தாண்டு பயின்று வெளியேறும் உழைப்பாளி வீட்டுக் குழந்தை, தான் கண்டதைப் பற்றிச் சொந்தமாகப் பத்து வரி எழுதுமா?

நகலெடுப்பதே எழுத்தா?

நம் வகுப்பறைகளில் எழுதுதல் என்பது பெரும்பாலும் மூன்று வேலைகளாகச் சுருங்கிவிட்டது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவது, மனப்பாடம் செய்த விடையை எழுதுவது. கட்டுரைக்கும் இதே கதிதான். பசுவைப் பற்றிய கட்டுரை இந்தியாவின் எந்த மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே: பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள், அது பால் தரும். விடியற்காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்கு வரும் சிறுமிக்கு இதைவிட எவ்வளவோ தெரியும். எந்த மாடு உதைக்கும், கன்று செத்த பிறகு பால் எப்படிக் குறைந்தது, பால் காசு எந்தக் கடனுக்குப் போகிறது என்பதையெல்லாம் அவள் அறிவாள். ஆயினும் அவளுடைய நோட்டிலும் அதே நான்கு கால்கள்தாம் இருக்கின்றன. தனக்குத் தெரிந்தவை எழுதத் தக்கவை அல்ல என்னும் பாடத்தை, யாரும் சொல்லாமலே அவள் கற்றுக்கொள்கிறாள்.

கையெழுத்துப் பயிற்சியும் பிழையின்றி எழுதும் பயிற்சியும் அவசியமே. ஆனால் அவை எழுத்தின் கருவிகள் மட்டுமே. சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டினார். பள்ளிகள் குழந்தைக்கு எழுத்துகளை வரையக் கற்றுத்தருகின்றன, எழுத்து மொழியைக் கற்றுத்தருவதில்லை என்பது அவரது விமர்சனம். சைகை, விளையாட்டு, ஓவியம் ஆகியவற்றின் தொடர்ச்சியாகவே எழுத்து வளர்கிறது என்றும், குழந்தையின் வாழ்வில் அது ஒரு தேவையாக உணரப்பட வேண்டும் என்றும் அவர் விளக்கினார். முதலில் வாசிக்கட்டும், பிறகு எழுதலாம் என்று ஒத்திப்போடுவோருக்கு இதில் விடை இருக்கிறது. தான் சொன்னதை ஆசிரியர் எழுதிக் காட்டும்போது, அதையே ஆர்வத்துடன் வாசிக்கிறது குழந்தை.

அளக்கப்படுவதும் விடப்படுவதும்

ஒன்றிய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய ‘நிபுன் பாரத்’ திட்டம், 2026-27க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறும் என்று அறிவித்தது. மூன்றாம் வகுப்பின் மொழி இலக்காக முன்னிறுத்தப்படுவது, நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருளுணர்ந்து வாசிப்பது. ஊரகப் பகுதிகளில் நடத்தப்படும் ஏசர் ஆய்வு அளப்பது வாசிப்பையும் கணக்கையும். தேசிய அடைவு ஆய்வில் கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைக் குழந்தை தெரிவு செய்தால் போதும். வாசிப்பின் நிலையே மோசம் என்பது உண்மை. 2024ஆம் ஆண்டு ஏசர் அறிக்கையின்படி, அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிகிறது. ஆனால் அளக்கப்படுவதுதான் கற்பிக்கப்படும் என்ற நிலையில், சொந்தமாக எழுதும் ஆற்றல் எந்தக் கணக்கிலும் வராமல் கைவிடப்படுகிறது.

இதற்குப் பொருளியல் காரணமும் உண்டு. சரியான விடையைக் குறியிடும் தேர்வை இயந்திரம் திருத்திவிடும். ஒரு குழந்தை எழுதிய பத்து வரிகளைப் படிக்க மனிதர் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒரு நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 30 நோட்டுகளுக்கு இரண்டரை மணி நேரம். ஐந்து வகுப்புகளையும் தனியாகப் பார்க்கும் ஆசிரியர் அந்த நேரத்துக்கு எங்கே போவார்? அரசின் 2024-25ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படியே நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பயில்கின்றனர். இதற்கிடையில் வாக்காளர் பட்டியல் பணியும் செயலியில் விவரம் ஏற்றும் வேலையும் ஆசிரியர் தலையில் விழுகின்றன. எழுத்துக்கு வாசகர் வேண்டும். தொடக்கப் பள்ளியில் அந்த முதல் வாசகர் ஆசிரியர். ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைத்திருக்கும் அரசு, குழந்தையின் எழுத்துக்கு வாசகரே இல்லாமல் செய்கிறது.

அச்சகம் கண்ட வகுப்பறை

வறுமைச் சூழலில் இது சாத்தியமா என்று கேட்போர் உண்டு. பிரான்சின் தெற்கே ஒரு கிராமப் பள்ளியில் பணியாற்றிய செலஸ்தேன் ஃபிரெனே, முதல் உலகப் போரில் நுரையீரல் காயமுற்று, நெடுநேரம் பேச இயலாதவரானார். கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு இணைந்து நின்ற அவர், 1920களில் வகுப்பறைக்குள் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். உழவர்களின் பிள்ளைகள் தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினர். எதை அச்சிடலாம் என்று கூடி முடிவெடுத்தனர். திருத்தி, எழுத்துக் கோத்து அச்சிட்டு, வேறு பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அனுப்பினர். வாசகர் ஒருவர் காத்திருக்கிறார் என்றபோது, பிழை திருத்துவது தண்டனையாக இல்லாமல் தேவையாயிற்று.

நம் நாட்டில் போபாலிலிருந்து ஏகலவ்யா அமைப்பு 1985இல் தொடங்கிய ‘சக்மக்’ இந்தி இதழ், குழந்தைகளின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் தொடர்ந்து இடமளித்து வந்திருக்கிறது. அச்சுப்பொறிகூடத் தேவையில்லை. சுவரில் ஒட்டிய ஒரு தாள் போதும். முதலில் பேச்சு, பிறகு படம், படத்தின் கீழ் ஒரு வரி, பிறகு அதை வகுப்பில் வாசித்துக்காட்டுதல், நண்பர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஏற்பத் திருத்தி எழுதுதல். சிவப்பு மையைக் கடைசியில் எடுத்தால் போதும்.

இவையனைத்தும் குழந்தை சிந்திக்கும் மொழியில் நடக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் 29 லட்சம் பேர். அம்மொழிக்கு எட்டாவது அட்டவணையில் இடமில்லை. வீட்டு மொழி நுழைய முடியாத வகுப்பறையில் ஆதிவாசிக் குழந்தைக்கு நகலெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் நம் பள்ளிகளுக்கு வரும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தமிழுக்காகப் போராடும் நாம் அந்தக் குழந்தைகளையும் மறந்துவிடலாகாது.

நமது கடமை

தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோத்தாரி குழு 1966இல் பரிந்துரைத்தது; அது இன்றும் எட்டப்படவில்லை. பி.எம்.ஸ்ரீ திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்குரிய ரூ.2,000 கோடிக்கு மேற்பட்ட சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்ததையும் நாம் கண்டோம். நிதிக்கான போராட்டமும் ஆசிரியர் நியமனத்துக்கான போராட்டமும் குழந்தையின் எழுத்துக்கான போராட்டமே.

அதோடு நாம் உடனே செய்யக்கூடியவையும் உள்ளன. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அக்குழுக்களில் இருக்கும் தோழர்கள், நம் பள்ளியில் குழந்தைகள் சொந்தமாக என்ன எழுதினார்கள் என்று மாதம் ஒருமுறை கேட்கட்டும். ஆசிரியரைக் குற்றஞ்சாட்டாமல், அவருக்குத் தேவையான நேரத்தையும் துணையையும் பெற்றுத்தரக் கேட்கட்டும். நம் படிப்பகங்களின் சுவரில் ஒரு பகுதியைக் குழந்தைகளுக்கு ஒதுக்குவோம். அங்கே ஒட்டப்படுவதை நின்று வாசிப்போம்.

உழைப்பாளியின் பிள்ளைக்குப் படிவம் நிரப்பவும் உத்தரவைப் படிக்கவும் தெரிந்தால் போதும் என்று ஆளும் வர்க்கம் நினைக்கிறது. முக்தா சால்வே மூன்றாண்டில் கேள்வி கேட்கக் கற்றார். அந்தக் கேள்வியை எழுதும் உரிமையை நம் குழந்தைகளுக்கு உறுதிசெய்வோம்!