பெயர் மறந்த தாய்மாரும் பெயர் நிலைத்த ஒரு தாயும்



சில மாதங்களுக்கு முன் எங்கள் ஒழுங்கையில் ஒரு மூத்தம்மா மௌத்தானா. மூன்றாம் நாள் பெண்களெல்லாம் அந்த வீட்டு விறாந்தையில் பாய் விரித்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "நல்ல மனுஷி. வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பமாட்டா" என்றார் ஒருவர். "1978 சூறாவளிக்கு இவட வீட்டிலதானே நாங்க மூணு குடும்பம் கிடந்தோம். அவ சோறாக்கிப் போட்டத மறக்கேலுமா?" என்றார் இன்னொருவர். ஆண் துணை இல்லாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோணியில் ஆறு கடந்து, காய்ச்சலில் கிடந்த தங்கச்சியைப் பார்க்கப் போன கதையும் வந்தது.

கேட்டுக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, "மூத்தம்மாட பேர் என்ன?" என்று கேட்டாள். சபை ஒரு கணம் அமைதியாகிவிட்டது. அவரை 'கடைக்காரர்ர பொஞ்சாதி' என்றும், மூத்த மகனின் பெயரைச் சொல்லி 'இன்னாரின் உம்மா' என்றும்தான் எங்களுக்குத் தெரியும். கடைசியில் உள்ளேயிருந்து மகள் வந்துதான் பெயரைச் சொன்னா.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இவ்வளவு கொடுத்த, இவ்வளவு துணிந்த ஒரு பெண்ணின் பெயர் மூன்றாம் நாளே தெரியாமல் போகிறதே என்ற கவலைதான். அந்தக் கவலையில்தான் நான் எப்போதோ வாசித்த இன்னொரு மனைவியின், இன்னொரு தாயின் கதை ஞாபகத்துக்கு வந்தது. அவரது பெயர் வைத்தியர் மேரி இரத்தினம்.

மேரி பிறந்தது 1873 இல், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில். மேரி ஹெலன் இர்வின் என்பது பிறந்த வீட்டுப் பெயர். அந்நாளில் அங்கும் பெண்கள் வைத்தியம் படிப்பது இலேசான காரியமல்ல. ஆண்களின் மருத்துவக் கல்லூரிகள் கதவைச் சாத்தியதால், பெண்களுக்கென்றே 1883 இல் ரொரன்ரோவில் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அங்கு படித்து 1896 இல் வைத்தியரானார் மேரி. யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு வைத்தியம் செய்ய அமெரிக்க மிஷன் அவரைத் தெரிந்தெடுத்தது.

வரும் வழியில் நியூயோர்க்கில், அங்கு படித்துக்கொண்டிருந்த இலங்கைத் தமிழரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினத்தைச் சந்தித்தார். இருவரும் மணம் முடித்தார்கள். இருபத்து மூன்று வயதுப் பெண், தான் பார்த்தேயிராத நாட்டைக் கணவனின் ஊராக ஏற்றுக்கொண்டு, வாரக்கணக்கில் கப்பலில் பயணித்து வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் வரவேற்பு எப்படி இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரப் பெண் ஒருவர் உள்ளூர்க்காரரை மணந்துவிட்டார் என்பதை அங்கிருந்த மிஷனரிமாரால் சகித்துக்கொள்ள முடியவில்லை. அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். சேவை செய்ய அழைத்தவர்களே கதவைச் சாத்தினார்கள்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அழுதுகொண்டு அடுத்த கப்பலில் ஏறியிருக்கலாம். மேரி திரும்பிப் போகவில்லை. கொழும்பில் வைத்தியத் தொழிலைத் தொடங்கினார், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். ஆண் வைத்தியரிடம் போகக் கூச்சப்பட்டு, நோயை உடம்பிலேயே வைத்துக்கொண்டு செத்துப்போன பெண்கள் நிறைந்த காலம் அது. பெண் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்பதே அந்தப் பெண்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். இதற்கிடையில் பிள்ளைகளையும் பெற்று வளர்த்தார்.

வைத்தியம் பார்க்கப் பார்க்க ஒரு விடயம் அவருக்கு விளங்கியது. மருந்து கொடுத்து மட்டும் தீராத நோய்கள் நிறைய உண்டு. சுத்தமில்லாத தண்ணீர், சத்தில்லாத சாப்பாடு, அறியாமை, கையில் ஐந்து சதமில்லாத நிலைமை, இவையெல்லாம்தான் பெண்களைக் கட்டிலில் தள்ளுகின்றன. ஆகவே பெண்கள் ஒன்றுகூட வேண்டும் என்று நினைத்தார். 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தையும் 1909 இல் தமிழ்ப் பெண்கள் சங்கத்தையும் உருவாக்குவதில் முன்னின்றார். பாடசாலைப் பிள்ளைகளுக்கான சுகாதார நூலும் எழுதினார்.

1930 இல் அவர் தொடங்கிய லங்கா மகிளா சமித்திதான் கிராமத்துப் பெண்களிடம் நேரே போன வேலை. அதற்கான யோசனை அவர் பிறந்த மாகாணத்திலிருந்தே வந்தது. ஒன்ராறியோவில் அடிலேட் ஹூட்லெஸ் என்ற ஒரு தாய், கெட்டுப்போன பாலைக் குடித்ததால் தன் பச்சிளம் மகனைப் பறிகொடுத்தார். பால் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை யாராவது தனக்குச் சொல்லித் தந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமே என்ற துக்கத்தில், வீட்டுப் பெண்களுக்கு அறிவு கொடுக்கும் வேலையில் அவர் இறங்கினார். அதன் பயனாக 1897 இல் ஸ்டோனி கிறீக் என்ற சிற்றூரில் முதலாவது மாதர் நிலையம் உருவானது. ஒரு தாயின் கண்ணீரில் பிறந்த அந்த வழிமுறையை இன்னொரு தாய் கடல் கடந்து நமது நாட்டுக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். சுகாதாரம், பிள்ளை வளர்ப்பு, வீட்டுத்தோட்டம், கைப்பணி என்று கிராமத்துப் பெண்கள் கூடியிருந்து கற்றுக்கொண்டார்கள்.

சகோதரிகளே, தேர்தல் வந்தால் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்று வாக்களித்துவிட்டு வருகிறோம். அந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1927 இல் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அதன் முன்னோடிகளில் மேரியும் ஒருவர். அவரோடு நின்றவர்களில் அக்னஸ் டி சில்வா முக்கியமானவர். முப்பது வயது கடந்த பெண்களுக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது ஆணைக்குழு. கடைசியில் ஆண்களைப் போலவே இருபத்தொரு வயதில் எல்லாப் பெண்களுக்கும் வாக்கு என்றானது. 1931 இல் நம் நாட்டுப் பெண்கள் வாக்களித்தார்கள். மேரி பிறந்த கனடாவில் கியூபெக் மாகாணப் பெண்கள் தமது மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 1940 வரையும், சுவிட்சர்லாந்துப் பெண்கள் தேசியத் தேர்தலில் வாக்களிக்க 1971 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1937 இல் மேரி கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் நின்று வென்றார். அந்தச் சபையில் உட்கார்ந்த முதல் பெண் அவரே. அப்போது அவருக்கு அறுபது வயது கடந்துவிட்டது. நம்மில் பலர் 'இனி என்ன, தஸ்பீஹும் கையுமாக இருப்போம்' என்று ஒதுங்கும் வயது. ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி அந்தப் பதவியை அவரிடமிருந்து பறித்துவிட்டார்கள். கதவு இரண்டாம் முறையும் சாத்தப்பட்டது. அவர் தம் வேலையை நிறுத்தவில்லை.

அவர் நுழைந்த அதே சபைக்கு, 1949 இல் ஒரு முஸ்லிம் பெண் தெரிவானார். அவர்தான் ஆயிஷா ரவூப். அவரும் கடல் கடந்து வந்த மருமகள்தான். கேரளத்தில் பிறந்து, இலங்கையரை மணந்து இங்கு வந்து, 1946 இல் தொடங்கிய கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபரானவர். ஒருவர் திறந்த கதவால் இன்னொருவர் வருவார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்கும் சட்டம் 2018 தேர்தலில் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, நமது பிரதேச சபைகளிலும் பெண்கள் ஆசனத்தில் அமர்ந்தார்கள். அந்தப் பாதையின் தொடக்கத்தில் நின்றவர் மேரி.

1958 இல் மக்சேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பொதுச்சேவைக்காக அது மேரிக்குக் கிடைத்தது. அதே வருடம் விருது பெற்றவர்களில் இந்தியாவின் வினோபா பாவேயும் ஒருவர். அப்போது மேரிக்கு எண்பத்தைந்து வயது. 1962 இல் காலமானார். அறுபது வருடங்களுக்கு மேல் நம் நாட்டுக்காகவே வாழ்ந்தார்.

மேரியின் கதையைச் சொல்லும்போது எங்கள் மூத்தம்மாவின் முகம் வந்துவந்து போகிறது. இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒருவர் பெருங்கடலைத் தாண்டினார், மற்றவர் நம் ஆற்றைத் தாண்டினார். ஒருவர் நாட்டுப் பெண்களுக்குக் கொடுத்தார், மற்றவர் மூன்று குடும்பத்துக்குச் சோறாக்கிப் போட்டார். மேரியைப் பற்றி எழுதி வைத்தார்கள், மூத்தம்மாவைப் பற்றி யாரும் எழுதவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே இந்த மாதம் ஒரு சின்ன வேலை செய்வோம். அசருக்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உங்கள் உம்மாவின் பக்கத்தில், மாமியின் பக்கத்தில், மூத்தம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கொப்பியை எடுங்கள். முதல் வரியில் அவரது முழுப் பெயரை எழுதுங்கள். பிறகு கேளுங்கள்: எங்கே பிறந்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், எதற்குத் துணிந்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எந்தக் கதவு உங்களுக்குச் சாத்தப்பட்டது? சொல்லும்போது "இதெல்லாம் ஒரு கதையா மகள்?" என்று சிரிப்பார். விடாமல் எழுதுங்கள்.

நாளை ஒரு பிள்ளை வந்து பெயர் கேட்கும்போது நாம் வாயடைத்து நிற்கக்கூடாது.