நாம பட்ட கஷ்டம் பிள்ளைங்க படக்கூடாதாமே!

போன மாதம் ஷார்ஜாவில் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்து பேச்சு டிசம்பர் லீவு பக்கம் திரும்பியது. "நாங்க வழக்கம்போல கூடாரத்தைத் தூக்கிட்டு மலீஹா பாலைவனத்துல ஒரு ராத்திரி. அப்புறம் ஊருக்குப் போய் பரம்பிக்குளத்துல ஒரு ராத்திரி" என்றேன். அவ்வளவுதான்.

"என்ன சார், பாங்க்ல ஆபீசரா இருந்துக்கிட்டு பிள்ளைங்கள மணல்ல படுக்க வைக்கிறீங்க? நாம பட்ட கஷ்டம் அதுங்க படக்கூடாதுன்னுதானே கடல் தாண்டி வந்தோம்?"

சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள், தங்கமணி உட்பட :)

பிரியாணி நன்றாக இருந்ததால் அங்கே வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன்.

கஷ்டம் வேறு, அந்தக் கஷ்டம் நமக்குக் கற்றுத்தந்த கணக்கு வேறு. நாம் ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போடுகிறோம். பட்டினி கிடக்க வேண்டாம், சரி. ஆனால் ஒரு குடம் தண்ணீர் எவ்வளவு கனம் என்று தெரியாமல் ஒரு பிள்ளை பத்து வயது வரை வளர்வது வசதி இல்லைங்க, அது ஒரு குறை.

முதல் தடவை மலீஹா போனபோது மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு இருபது லிட்டர் கேன். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதிலிருந்துதான். அவசரத்துக்கு இன்னொரு கேன் கார் டிக்கியில் இருந்தது, அதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. (பாங்க்காரன், ரிசர்வ் இல்லாமல் போவேனா?)

மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, "நீதான் கேஷியர். ஓப்பனிங் பேலன்ஸ் 20 லிட்டர். யார் எடுத்தாலும் எழுது" என்றேன். மகன் தன் பொம்மைக் காரைக் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்தான். அக்கா எழுதினாள். ராத்திரி எட்டு மணிக்கு மிச்சம் ஒன்பது லிட்டர். அவளே தம்பியிடம் நோட்டைக் காட்டினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பயல் அரை டம்ளரில் பல் தேய்த்து முடித்தான். வீட்டில் இதையே இரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் முடிவதில்லை. முடியாத ஒன்றைச் சிக்கனமாகச் செலவு செய் என்றால் எந்தக் குழந்தை கேட்கும்? இந்த ஊர்க் குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்புவது. அது அவர்கள் கண்ணுக்கு எங்கே தெரிகிறது?

இன்னொன்று. அன்றைக்குக் கூடாரத்தைத் தப்பாகக் கட்டினேன். காற்று வந்து படுத்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாத விஷயம் உண்டு, தெரியாததை உட்கார்ந்து படித்து மறுபடி செய்யலாம் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். காசு கட்டிப் பிள்ளைகளை மட்டும் தனியாக அனுப்பும் 'ஆளுமை வளர்ச்சி' முகாமில் இதைக் காட்ட முடியாது. பஃபே, டிஜே, ஏசி போட்ட கூடாரமா? அது துணியால் சுவர் வைத்த ஓட்டல்.

"சரி, தண்ணிக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்பவர்களுக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன்.

என் ஊர் பெருமாட்டி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கேரளத்தில் இருந்தாலும் வீட்டில் தமிழ். பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. 2000ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் குறைகிறது, வாயில் வைக்க முடியவில்லை என்று முதலில் சொன்னது அதிகாரி இல்லை, பேராசிரியர் இல்லை. குடம் தூக்கிய பெண்கள். நான் பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த 2002ல், ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. முன்னால் நின்றவர்களில் ஒருவர் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண். 2003ல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. 2010ல் கேரள அரசு அமைத்த குழு நஷ்டத்தை 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுக்கான தீர்ப்பாயம் அமைக்க 2011ல் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சுமந்தவர்களுக்குத்தான் குறைவது தெரியும். சுமக்காத நம் பிள்ளைகளுக்கு நாளைக்கு எது பறிபோனாலும் பில் வரும்போதுதான் தெரியும்.

அதனால்தான் பரம்பிக்குளம். அதுவும் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். அணை நிற்கும் மண் கேரளம், பராமரிப்பது தமிழ்நாடு. ஆனப்பாடியில் வனத்துறைக் கூடாரத்தில் தங்கினோம். மறுநாள் அணைக்கட்டைப் பார்த்ததும் மகன், "இது யாரோட தண்ணிப்பா?" என்றான். இரண்டு மாநிலங்கள் எத்தனையோ வருஷமாகப் பேசும் கேள்வி! 1970ல் கையெழுத்தான ஒப்பந்தம், ஆழியாறு வழியாக மணக்கடவில் அளந்து சித்தூருக்குத் தர வேண்டிய வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. எல்லாம் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. "அங்கயும் நோட்டு வெச்சு எழுதுவாங்களாப்பா?" என்றாள்.

திரும்பி பெருமாட்டி வந்தபோது வாய்க்கால் காய்ந்து கிடந்தது. எங்கம்மா, "மொறத் தண்ணி இன்னும் வரலை கண்ணு" என்றார். மகள் மெதுவாகக் கேட்டாள், "இப்ப பேலன்ஸ் எவ்வளவு ஆத்தா?" எங்கம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பாம்பு, தேள், காய்ச்சல் என்று பயப்படுபவர்களுக்கு: பயம் நியாயம்தான். அதற்கு மருந்து ஜாக்கிரதை, வீட்டிலேயே கிடப்பது இல்லை. முதல் தடவை ஒரே ஒரு ராத்திரி. குளிர்காலத்தில் போங்கள். கார் பக்கத்தில் இருக்கட்டும், போனில் சிக்னல் இருக்கட்டும். மழை வந்தால் வெள்ளம் பாயும் வாடிப் பள்ளத்தில் மட்டும் கூடாரம் போடாதீர்கள். காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடச் சொல்லிக்கொடுங்கள். ஆளுக்கு ஒரு வேலை, ஒரு கேன், ஒரு நோட்டு. போதும்.

நாம் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகள் பட வேண்டாம். ஆனால் அது என்னவென்று ஒரு ராத்திரியாவது தெரியட்டும்.

டிஸ்கி: இந்த டிசம்பரில் கேஷியர் வேலை மகனுக்கு. டிக்கியில் இன்னொரு கேன் இருப்பதை யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.