'டேக்' என்றால் 'எடு' மட்டும்தானா?

'டேக்' என்றால் என்ன என்று கேட்டால், 'எடு' என்று ஒரே குரலில் சொல்வீர்கள். சரிதான். ஆனால், அந்த ஒரு பொருளோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து.

'டேக்' இங்கிலாந்துக்கு வெளியிலிருந்து வந்த சொல். வைக்கிங் என்னும் கடலோடிகள், கி.பி. 793ல் அந்நாட்டின் லிண்டிஸ்பார்ன் தீவைத் தாக்கினர். பிறகு பலர் இங்கிலாந்திலேயே குடியேறினர். அவர்களுடைய 'டாகா' என்ற சொல்தான் 'டேக்' ஆனது. 'பிடி' என்பது அதன் பொருள். அதற்கு முன் ஆங்கிலேயர் 'நிமன்' என்றனர். அது வழக்கொழிந்துவிட்டது. மரத்துப்போனதைக் குறிக்கும் 'நம்ப்' அதன் வாரிசாக மிஞ்சியது. குளிர் 'பிடித்த' கை மரத்துப்போகும் அல்லவா?

பிடிப்பதில் தொடங்கிய 'டேக்', இன்று மருந்து, தேர்வு, பேருந்து, குளியல் என்று எல்லாவற்றோடும் சேர்கிறது. தமிழிலோ மருந்தைச் சாப்பிடுகிறோம், தேர்வை எழுதுகிறோம், பேருந்தில் போகிறோம்.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருளை மனப்பாடம் செய்வதால்தான், 'குளியல் எடுத்தேன்', 'பஸ் எடுத்து வந்தேன்' என்று சிலர் பேசுகின்றனர். 'குளித்தேன்' என்ற அழகான சொல் இருக்கும்போது இது எதற்கு? இப்படிப் படித்தால் ஆங்கிலமும் வராது, தமிழும் கெடும்.

இனி, ஆங்கில வினைச்சொல்லை முழு வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். அதையே உங்கள் பாட்டி எப்படிச் சொல்வார் என்று பக்கத்தில் எழுதுங்கள். தினமும் ஐந்து வாக்கியம் போதும். இரண்டு மொழியும் உங்கள் வசமாகும்!